மிண்டு மார்க்கண்டரும் ஊமைக் காசும்

பொன்னுருக்கலுக்கு முதல்நாள் காலையில், பிள்ளையார் கோயில் திருநீற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பூரணம் தன் புருஷனிடம் மூன்று சத்தியம் வாங்கினாள். மாப்பிள்ளை வீட்டில் வைக்கிற பவுணைக் கையால் தொடுவதில்லை. அதைக் கல்லிலோ இரும்பிலோ போட்டுத் தட்டிப் பார்ப்பதில்லை. 'ஊமை' என்ற சொல்லை வீடு திரும்பும்வரை வாயில் எடுப்பதில்லை. மூன்றாவது சத்தியத்தை அவள் இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. முதல் தரம் சொல்லும்போது மனுசன் முற்றத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ! உங்களோடைதான் கதைக்கிறன்!"

"ஓம், ஓம். என்னத்துக்கு இப்ப கத்துறீர்? நான் என்ன சின்னப் பிள்ளையே?"

"சின்னப் பிள்ளையெண்டால் ரெண்டு அடி போட்டுத் திருத்தியிருப்பன். நீங்கள் அறுபது வயசு. உங்களை என்ன செய்யிறது?"

பொன்னுருக்கல் என்றால் கலியாணத்துக்கு நாலைந்து நாள் முன்னம் மாப்பிள்ளை வீட்டில் நடக்கிற சடங்கு. ஒரு தங்கப் பவுண் காசைப் பூசையில் வைத்து எடுத்து, இரண்டு பகுதிச் சனமும் பார்த்திருக்க, நகை செய்கிற பத்தர் அதை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. பொன்னை உருக்கின பிறகு கலியாணம் குழம்பினதாக எங்கள் பக்கத்தில் ஆரும் கேள்விப்பட்டதில்லை. உருக்குவதற்கு முன்னம் குழம்பலாம். பூரணத்தின் பயமெல்லாம் அந்த முன்னத்தில் இருந்தது.

அவளுடைய ஒரே மகள் குணலட்சுமிக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. முகவெட்டில் குறையா, கைவேலையில் குறையா, சீதனக் காணியில் குறையா? ஒன்றிலும் இல்லை. குறை முழுவதும் பெற்ற தகப்பனில் இருந்தது. கைக்கு வந்த இரண்டு சம்மந்தங்களை அந்த மனுசன் ஒற்றைச் சொல்லால் கலைத்தார். இதுவும் போனால் இனி ஒருத்தரும் இந்தப் படலையைத் திறக்கமாட்டார்கள் என்று இடைக்காரி சின்னாச்சி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஊரில் பாதிக் கலியாணம் பேசி முடித்த மனுசி அவள், சும்மா வெருட்டுகிறவள் அல்ல.

அந்தக் கண்டறியாத சொல்லை மார்க்கண்டர் எங்கே பொறுக்கினார் என்றால், பம்பாயில்.

நாலு எழுத்து இங்கிலீசு படித்த உரும்பிராய்ப் பொடியன்கள் எல்லாம் மலாயாவுக்குக் கப்பல் ஏறின காலத்தில், மார்க்கண்டர் மட்டும் ரெயில்வேயில் இருந்த ஒரு மாமனை நம்பிப் பம்பாய்க்கு ஏறினார். அங்கே அரசாங்கம் காசு அடிக்கிற கந்தோரில் வேலை கிடைத்தது என்று கடிதம் வந்தபோது ஊரே கூடி அதை வாசித்தது. காசடிக்கிற இடத்தில் இருக்கிறவனுக்குக் காசுக்கு என்ன பஞ்சம் என்று நம்பித்தான் பூரணத்தின் தகப்பனும் பெண்ணைக் கொடுத்தார். பம்பாயில் போய் இறங்கி, ஒரு அறையும் அரைக் குசினியுமாக இருந்த வீட்டைப் பார்த்த பிறகுதான் பூரணத்துக்கு விஷயம் விளங்கியது. மலாயாவுக்குப் போனவர்களின் பெண்சாதிமார் ரெட்டைப்பட்டுச் சங்கிலியோடு ஊருக்குத் திரும்பினார்கள். பூரணம் ஒரு பம்பாய்க் குடையோடு திரும்பினாள்.

மிண்டு என்று எல்லாரும் சொல்கிற அந்தக் கந்தோரில் காலையில் போகிறவன் உடுத்த உடுப்பை வாசலில் களைந்துவிட்டு, அவர்கள் கொடுக்கிற உடுப்பைப் போடவேண்டும். பின்னேரம் வெளியே வரும்போது வாயைத் திறந்து காட்டி, தலைமயிரை உதறிக் காட்டி, நகத்தைச் சுரண்டிக் காட்டி வரவேண்டும். நிலத்தில் கூட்டின குப்பையையும் எரித்து, சாம்பலைக் கழுவி, அதில் ஒட்டின வெள்ளியையும் பொன்னையும் எடுப்பார்களாம். "அங்கை குப்பைக்குக் கிடைக்கிற மரியாதை இஞ்சை எனக்கு இல்லை" என்று பூரணம் அந்த நாளிலேயே சொல்லிப் பார்த்தாள். மனுசன் சிரித்தாரே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

மார்க்கண்டரின் வேலை, அச்சிலிருந்து வருகிற காசை ஒவ்வொன்றாக இரும்புக் கட்டையில் எறிந்து சத்தம் கேட்பது. நல்ல காசு கிண்ணென்று பாடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்போ காற்றுக் குமிழோ இருந்தால் டொக்கென்று விழும். அதற்குப் பெயர் ஊமை. ஊமையைப் பிரித்து மறுபடியும் உருக்கப் போட்டுவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் அவர் இதையே செய்தார். காசு கையை விட்டுப் போய் இரும்பில் விழுவதற்குள் அதன் சாதகத்தைச் சொல்லிவிடுவார் என்று அங்கே அவருக்குப் பெயர்.

அதிலும் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு அவருடைய வாழ்க்கையின் கொடியேற்றம். முதலாம் உலகச் சண்டை நடந்த காலம். கடலில் கப்பல்கள் தாழ்கின்றன, பொன்னை லண்டனுக்கு ஏற்றி அனுப்ப வழியில்லை. அப்படியானால் பம்பாயிலேயே தங்கப் பவுண் அடியுங்கள் என்று உத்தரவு வந்தது. கிட்டத்தட்ட எட்டு மாசந்தான் அடித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அந்த எட்டு மாசமும் மார்க்கண்டர் பொன்னின் சத்தம் கேட்டார். இரண்டு மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பவுணை முறைப்படி வாங்கி வந்து, அந்தச் சின்ன அறைக்குள் வைத்துப் பொழுதுபடும்வரை தட்டித் தட்டிப் பூரணத்துக்குக் கேட்கப் பண்ணினார். தொட்டிலில் கிடந்த குணலட்சுமி விழித்து வீரிட்டாள். அடுத்த கிழமை வாடகைக்காரன் வந்து நின்றபோது பவுண் போய்விட்டது. கதை மட்டும் போகவில்லை. பத்தாயிரம் தரம் அதைச் சொல்லியிருப்பார்.

முப்பத்தோராம் ஆண்டு சின்னப் பென்சனோடு ஊருக்கு வந்தார். வந்த மனுசன் மற்றவர்களைப் போலக் கோயிலுக்குப் போனார், வெங்காயம் நட்டார், பேப்பர் படித்தார். ஆனால் தட்டுகிற பழக்கம் விடவில்லை. பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் சட்டியைத் தட்டுவார். தேங்காயைத் தட்டுவார். ஓடு வாங்கப் போனால் வண்டிலில் ஏற்றின ஓடு முழுவதையும் இறக்கித் தட்டுவார், வண்டில்காரன் வெயிலில் நின்று அவருடைய பரம்பரையையே திட்டுவான். ஊர் அவருக்கு மிண்டு மார்க்கண்டர் என்று பெயர் வைத்தது. யாருடைய கையில் காசைக் கண்டாலும் "கொண்டாரும், பாப்பம்" என்று வாங்கி வாசற்படிக் கல்லில் எறிவார்.

ஊமை என்று கண்டால் தன் கைக்காசை ஒருத்தருக்கும் கொடுக்கமாட்டார். தெரிந்துகொண்டு ஊமையை இன்னொருத்தன் தலையில் கட்டுவது பாவம் என்பது அவருடைய கட்சி. அதற்கென்று அலுமாரிக்குக் கீழே ஒரு பிஸ்கற் தகரம் வைத்திருந்தார். முதலில் பத்துச் சதக் குற்றிகள் அதற்குள் போயின. இரண்டு மூன்று வருஷத்தில் பத்துச் சதம் என்றால் தட்டாமலே தகரத்துக்குப் போட்டார். பிறகு இருபத்தைந்து சதங்கள் போகத் தொடங்கின. அதற்கும் பிறகு ஐம்பது சதங்கள்.

"வெள்ளியைக் குறைச்சுப் போட்டாங்கள், பூரணம். வரவரக் காசு கெட்டுப் போகுது" என்பார்.

"காசு கெடேல்லை. எங்கடை குடும்பந்தான் கெடுது" என்பாள் பூரணம். வெள்ளியைக் குறைத்தது உண்மைதான், பேப்பரிலும் வந்தது. அதனால் மனுசனோடு வாதாடவும் முடியவில்லை. வெங்காயம் விற்ற காசு வந்தவுடன் அவர் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் புதைக்கப் பழகிக்கொண்டாள். தன் வீட்டிலேயே கள்ளி மாதிரி நடக்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குணமும் வயதோடு கூடிக்கொண்டு வந்தது. குணலட்சுமி குசினி வாசலில் நின்று "அப்பா, சாப்பிட வாங்கோ" என்று நாலு தரம் கூப்பிடுவாள். மனுசன் அசையமாட்டார். பலாலி றோட்டில் ஒருநாள் சைக்கிள்காரன் ஒருவன் அவரில் மோதி வேலியோடு விழுந்தான். "மணி அடிக்கத் தெரியாதோ, மடையா?" என்று இவர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் மணியடித்துக் கை நோகுது என்று தலையில் அடித்து அழாக்குறையாகச் சொன்னான். திமிர், வேறொன்றுமில்லை என்று பூரணம் முடிவு கட்டியிருந்தாள்.

முப்பத்தேழாம் ஆண்டு கோப்பாயிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வந்தது. பெண் பார்த்துப் பிடித்து, பலகாரம் சாப்பிட்டு, எல்லாம் பேசி முடிந்தது. போகும்போது மாப்பிள்ளையின் தகப்பன் வண்டில்காரனுக்கு ஒரு இருபத்தைந்து சதத்தை எறிந்தார். அது கை தவறிப் படிக்கல்லில் விழுந்தது. மார்க்கண்டர் உள்ளே வந்து, "ஊமைக் காசை ஏழை வண்டில்காரன்ரை தலையிலை கட்டுற குடும்பம். வேண்டாம்" என்றார். பூரணம் அப்போது குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அழுதாள், கத்தினாள், ஒரு கிழமை பேசாமல் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

நாற்பதாம் ஆண்டு மலாயாவிலிருந்து லீவில் வந்த கிளாக்கர் ஒருவன். தங்கமான பொடியன். கோயிலில் ஐயரின் பித்தளைத் தட்டில் ஐம்பது சதம் போட்டான். மேளச் சத்தத்துக்குள்ளே அது ஒருத்தருக்கும் கேட்கவில்லை, மார்க்கண்டர் மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். "பித்தளையிலை விழுந்தும் சத்தமில்லை. பிள்ளையாருக்கே ஊமைக் காசு போடுறவன் என்ரை பிள்ளையை எப்பிடி வைச்சிருப்பான்?" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அந்தப் பொடியன் அடுத்த மாசமே சுன்னாகத்தில் கலியாணம் முடித்துக்கொண்டு கப்பலேறினான்.

பிறகு இந்த இரண்டாம் உலகச் சண்டை எங்கள் பக்கமும் வந்தது. சில்லறை எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. நாற்பத்திரண்டில் அரசாங்கம் ஐந்து சதத்துக்குக் கடதாசி நோட்டு அடித்தது. நடுவிலே ஓட்டை ஓட்டையாய் ஒரு கோடு. அதிலே கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மற்றப் பக்கம் மூன்று சதம். ஈரக் கையோடு சந்தையில் நின்று அதைக் கிழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கோதாரி. கோடு ஒரு பக்கம் போகும், கிழியல் இன்னொரு பக்கம் போகும், கீரைக்காரி இரண்டையும் வேண்டாம் என்பாள். கோபத்தை ஆரில் காட்டுவது? லண்டனிலா பம்பாயிலா இருக்கிற கந்தோர்க்காரர் கைக்கு எட்டமாட்டார்கள். மிண்டு மார்க்கண்டர் எட்டுவார். "என்ன, உங்கடை ஆக்கள் காசடிக்கிறதை மறந்திட்டினமோ?" என்று படலையில் நின்று கேட்டார்கள். "கடதாசி பாடுமோ? கடதாசியைத் தட்டிப் பாக்கலாமோ?" என்று மார்க்கண்டர் தன் சொந்தச் சோகத்தைச் சொல்லத் தொடங்குவார். கேட்க வந்தவர்கள் மெல்ல நழுவுவார்கள். அவரைச் சமாதானப்படுத்திச் சோறு போடுவது பூரணத்தின் வேலை.

இந்த நிலையில்தான், நாற்பத்துமூன்றில், சின்னாச்சி மானிப்பாய்ச் சம்மந்தத்தைக் கொண்டு வந்தாள். மாப்பிள்ளை பஞ்சலிங்கம் மருந்து கலக்கிற கொம்பவுண்டர். தகப்பன் சீவரத்தினம் சுருட்டு வியாபாரி, பானை வயிறு, பறை மாதிரிக் குரல். மார்க்கண்டருக்கு அவரைப் பிடித்துப் போனது. "அந்தாள் விளங்கக் கதைக்கிது. மற்றவை எல்லாரும் வாய்க்குள்ளை முணுமுணுக்கினம்" என்றார். எப்படியோ பிடித்ததே என்று பூரணம் கோயிலுக்கு நூறு தேங்காய் நேர்ந்தாள். பேச்சு நடந்த நாட்களில் வீட்டில் ஒரு சதக் குற்றியும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டாள். அதற்கு மேலேதான் அந்த மூன்று சத்தியமும்.

ஆவணி மாசத்து நல்ல நாளில், பெற்றோலுக்குப் பங்கீடு என்றபடியால் காரைக் கனவிலும் நினைக்க முடியாமல், இரண்டு மாட்டு வண்டிலில் உரும்பிராய்ச் சனம் மானிப்பாய் போய் இறங்கியது. முறைப்படி குணலட்சுமி வீட்டில் நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டு மண்டபத்தில் நிறைகுடம் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். கதிரவேலு பத்தர் சிரட்டைக்கரியும் பொன் உருக்குகிற மூசையும் ஊதுகுழலும் ஒரு சின்ன இரும்புப் பட்டடையுமாகச் சம்மணம் கட்டி இருந்தார். பட்டடையைக் கண்ட பூரணம், பெண்களின் பாயில், புருஷனின் முகம் நேரே தெரிகிற இடம் பார்த்து இருந்தாள்.

மனுசன் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தார். பஞ்சலிங்கம் வெற்றிலையில் பவுணை வைத்துப் பத்தரிடம் கொடுக்கக் குனிந்தான். எல்லாம் சரி, இன்னும் இரண்டு நிமிஷம், பிள்ளையாரே, இரண்டே இரண்டு நிமிஷம்.

"தம்பி, பொறு!" என்று முழங்கினார் சீவரத்தினம்.

பூரணம் புருஷனின் கையைப் பார்த்தாள். அது இன்னும் கட்டினபடியே இருந்தது.

"சம்மந்தி, இதை நீங்கள் பாக்கவேணும். கன்னாதிட்டி நகைக்கடையள் முழுக்க ரெண்டு கிழமை அலைஞ்சனான். வேறை பவுண் கேட்ட இடமெல்லாம் கிடந்தது, நான் எடுக்கேல்லை. இது பதினெட்டாம் ஆண்டுப் பம்பாய்ப் பவுண். உங்கடை கந்தோரிலை அடிச்சது!"

சனம் ஆவென்றது. மார்க்கண்டர் கட்டின கையை அவிழ்த்தார். சத்தியம் செய்தவர் அல்லவா, முதலில் பூரணத்தைப் பார்த்தார். அவள் என்ன செய்வாள்? சபைக்கு நடுவில் சம்மந்தி ஆசையாக நீட்டுகிற காசை வாங்காதே என்று சொல்ல முடியுமா? சீவரத்தினம் பவுணை அவருடைய உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டார்.

மார்க்கண்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பவுணைத் திருப்பினார். குதிரையில் இருக்கிற வீரனுக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே, கடுகளவில் இங்கிலீசு 'ஐ' எழுத்து. பம்பாயில் அடித்ததற்கு அதுதான் அடையாளம். அவருடைய கண்ணாடி மங்கியது.

"இது என்ரை கையாலை போனது" என்றார். "அந்த எட்டு மாசமும் ஒண்டும் என்ரை கையைத் தப்பிப் போகேல்லை."

"அப்ப ஒருக்கால் தட்டிக் காட்டுங்கோவன்! சபையும் கேக்கட்டும்!" என்றார் சீவரத்தினம். பிள்ளையாரே, இந்தப் பானை வயிற்று மனுசனை என்னத்தைச் சொல்லித் திட்டுவது?

மார்க்கண்டர் எழும்பிப் பட்டடைக்குப் பக்கத்தில் குந்தினார். பவுணைப் பெருவிரலில் வைத்து, பழைய பழக்கத்தில், சுண்டி எறிந்தார்.

கிண்ண்ண்ண் என்று பாடியது பவுண். மண்டபத்தின் கடைசி மூலைக்கும் போய்ச் சுழன்று வந்தது அந்தச் சத்தம். பூரணம் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னம் பம்பாய் அறைக்குள் வெறுத்து வெறுத்துக் கேட்ட அதே சத்தம். பெண்கள் பாயில் யாரோ ஒருத்தி "என்ன வடிவாய்ப் பாடுது!" என்றாள். பூரணத்துக்கு உயிர் திரும்பி வந்தது. கடவுளே, நல்ல காசு, தப்பினோம் என்று கும்பிடக் கை தூக்கினாள்.

மார்க்கண்டர் பவுணை எடுத்து இன்னொரு தரம் எறிந்தார். மறுபடியும் கிண்ணென்றது. தலையைச் சரித்து, காதைப் பட்டடையோடு ஒட்டுவதுபோலக் குனிந்து, மூன்றாந் தரம் எறிந்தார்.

பூரணத்தின் கை பாதியில் நின்றது. ஊமையைக் கண்டால் அவருக்கு வருகிற முகம் அவளுக்குத் தெரியும். கீழ் உதடு பிதுங்கும், மூக்கு சுழிக்கும். இது அந்த முகம் அல்ல. தன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டும் உள்ளே இருந்து ஒருத்தரும் பதில் சொல்லாத மனுசனின் முகம் அது.

அந்த இடத்தில், அந்தப் பாயில் இருந்தபடியே, அவளுக்கு எல்லாம் விளங்கியது. சைக்கிள் மணி. குசினி வாசலில் நின்று கூப்பிடுகிற குணலட்சுமியின் மெல்லிய குரல். முதலில் மெல்லிசாய்ப் பாடுகிற பத்துச் சதம், பிறகு இருபத்தைந்து, பிறகு ஐம்பது. காசு ஒன்றுக்கும் ஒரு பழுதும் இல்லை. வயசோ, மெசின் இரைச்சலோ, காய்ச்சலுக்குக் குடித்த கொயினாவோ, என்ன இழவோ, மனுசனின் காது போயிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாய்ப் போயிருக்கிறது. அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது.

இரக்கம் வருவதற்கு முன்னம் அவளுக்கு ஆத்திரந்தான் வந்தது. ஐயோ, அந்த வாத்தியார்! அந்த மலாயாப் பொடியன்! ஒரு குற்றமும் செய்யாத இரண்டு பிள்ளைகளை இந்த மனுசன் தன் கேளாத காதை வைத்துத் தள்ளினாரே! என் பிள்ளையின் ஆறு வருஷம்! எழும்பிப் போய்ச் சபைக்கு நடுவில் அவருடைய தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

"என்ன சம்மந்தி, எப்பிடி?" என்றார் சீவரத்தினம். அவருடைய முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் கொஞ்சம் இறுகியிருந்தது. பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

மார்க்கண்டர் பொய் சொல்ல அறியாத மனுசன். அதுதான் அவரோடு உள்ள பெரிய கரைச்சல். சத்தம் வராத காசை நல்ல காசு என்று அவர் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. வாயைத் திறந்தார். அவருடைய உதடு 'ஊ'வென்று குவிகிறதைப் பூரணம் கண்டாள்.

பெண்சாதிமார் சபையில் எழும்பி நிற்பது வழக்கமில்லை. பூரணம் எழும்பி நின்றாள். மார்க்கண்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவருடைய கண்ணை விடாமல் பார்த்து, தலையைப் பெரிதாக, ஆறுதலாக, மேலும் கீழும் ஆட்டினாள். அவள் நெஞ்சு முழுக்க அந்த ஒரு 'ஓம்'தான் இருந்தது.

முப்பது வருஷத்துக் குடும்ப வாழ்க்கையில் அவள் வாங்கின ஒரு சட்டியை, ஒரு தேங்காயை, ஒரு காசை அவர் தட்டிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டதில்லை. இப்போது அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல காசு" என்றார். "எங்கடை கந்தோர்க் காசு. உருக்குங்கோ, பத்தர்."

சீவரத்தினத்தின் சிரிப்பு மண்டபத்தை இடித்தது. பவுண் மூசைக்குள் போய், நெருப்பில் கண்மூடி, உருகி, ஒரு குண்டுமணியாகத் திரண்டது. தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். தட்டு தன்னிடம் வந்தபோது பூரணத்துக்குக் கண் தெரியவில்லை, கண்ணீர் அவ்வளவுக்கு நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். சந்தோஷமும் இருந்தது.

திரும்பி வரும்போது சனம் எல்லாம் முதல் வண்டிலில் ஏறிவிட்டது. இரண்டாவதில் இவர்கள் இரண்டு பேருந்தான். பாதித் தூரம் வந்த பிறகு மனுசன் கேட்டார்.

"பூரணம், சத்தம் வந்ததோ?"

"வந்தது" என்றாள் குரலைத் தாழ்த்தி, தடிப்பாக. அப்படிச் சொன்னால் கேட்கிறது என்று கண்டாள்.

"எப்பிடி வந்தது?"

"பம்பாயிலை அறைக்குள்ளை வைச்சுத் தட்டித் தட்டி என்ரை உயிரை எடுத்தியளே, அதே சத்தம். ஒரு பொட்டும் குறையேல்லை."

அவர் வண்டில் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப துவக்கம் எனக்கு இப்பிடி?"

"எனக்கென்ன தெரியும்? நான் கூப்பிட்டு நீங்கள் திரும்பிப் பாராத நாள் துவக்கம் எண்டால், கலியாணம் முடிச்ச அடுத்த நாளே துவங்கியிட்டுது."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கையைத் தன் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு, "அந்த வாத்தியார்ப் பொடியன்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

வீட்டில் கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நட்டு, வந்த சனத்துக்குச் சோறு போட்டு அனுப்பின பிறகு, பின்னேர வெயில் முற்றத்தில் விழுந்திருக்க, பூரணம் அலுமாரிக்குக் கீழே இருந்த பிஸ்கற் தகரத்தை இழுத்து எடுத்தாள். அந்தக் கோதாரியிலே போன தகரத்தைத் தூக்க முடியவில்லை. மேலே ஐம்பது சதங்கள். கையை விட்டு அள்ளினால் அதற்குக் கீழே இருபத்தைந்து சதங்கள். அடியிலே கறுத்துப்போய்ப் பத்துச் சதங்கள். மனுசனின் காது எந்த எந்த வருஷம் எவ்வளவு எவ்வளவு போனது என்று ஒழுங்காக அடுக்கி வைத்ததுபோல இருந்தது. ஊரே ஐந்து சதக் கடதாசியைக் கிழித்துக்கொண்டு நாறின காலத்தில், சில்லறை இந்த வீட்டுக்குள் குவிந்து கிடந்திருக்கிறது. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வாசற்படிக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். மார்க்கண்டர் பக்கத்தில் குந்தி, காசைப் பார்க்காமல் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"இது?"

"பாடுது."

"இது?"

"பாடுது."

எல்லாம் பாடின. ஒவ்வொரு 'பாடுது'வுக்கும் மனுசன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு போனார். தகரம் வெறுமையாகும் தறுவாயில், அவர் "இது?" என்று கேட்பதையும் விட்டுவிட்டார். பூரணம் ஒரு இருபத்தைந்து சதத்தை எடுத்துக் கல்லில் போட்டாள். அது மற்றதுகளை விட வடிவாகப் பாடியது. பாழாய்ப் போன காசு. அவள் கீழ் உதட்டைப் பிதுக்கினாள், மூக்கைச் சுழித்தாள்.

"இது ஊமை."

மார்க்கண்டர் நிமிர்ந்தார். "என்ன?"

"ஊமை. டொக்கெண்டு விழுது."

"நான் அப்பவே சொன்னனே!" என்று பறித்தார் காசை. "முப்பத்தேழாம் ஆண்டு வெங்காயக்காரன் தந்தது! அவனுக்கு முகத்துக்கு நேரை சொன்னன்! எல்லாம் பிழைச்சாலும் ஒண்டு பிழைக்கேல்லைப் பாத்தீரோ?"

அத்தோடு முடிந்தது என்று பூரணம் நினைத்தாள். அங்கேதான் அவள் பிழைவிட்டாள். மனுசன் அந்தக் காசைச் சால்வைத் தலைப்பில் முடிந்துகொண்டு, கலியாணத்தன்று வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் பிடித்து, "இதைத் தட்டிப் பாருங்கோ, உண்மையான ஊமை" என்று நீட்டத் தொடங்கினார். தட்டினால் கிண்ணென்று பாடுகிற காசு! மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டிய பூரணம், தகரத்துச் சில்லறையை வாங்கிக்கொண்டு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிற சமையல்காரரைக் கவனிக்க வேண்டிய பூரணம், பந்தல் முழுக்க அவருக்கு முன்னாலே முன்னாலே ஓடி, ஆள் ஆளாகக் காதுக்குள் கெஞ்சினாள். "அவர் தந்தால் ஊமை எண்டு சொல்லுங்கோ. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், ஊமை எண்டு சொல்லுங்கோ." எந்தச் சொல்லை வாயில் எடுக்கக்கூடாது என்று திருநீற்றில் சத்தியம் வாங்கினாளோ, அந்தச் சொல்லை ஊரெல்லாம் சொல்லச் சொல்லிப் பிச்சை கேட்டாள். சீவரத்தினம் காசைத் தட்டி, ஒரு கணம் திகைத்து, பூரணத்தைப் பார்த்து, "கல்லு மாதிரி ஊமை, சம்மந்தி!" என்று முழங்கினார். நல்ல மனுசன்.

ஒரே ஒருத்தியிடம் சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. தாலி ஏறின கழுத்தோடு, புருஷனும் தானுமாகக் காலில் விழுந்து எழும்பின குணலட்சுமியின் கையில் மார்க்கண்டர் அந்தக் காசை வைத்தார்.

"பிள்ளை, தட்டிப் பார்."

குணலட்சுமி குனிந்து குத்துவிளக்கின் அடித்தட்டில் அதைப் போட்டாள். அது பாடிக்கொண்டு உருண்டது. அவள் தகப்பனைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள். பூரணம் தலையை ஆட்டக்கூட மறந்துபோய் நின்றாள்.

குணலட்சுமி காசை எடுத்துத் தகப்பனின் கையில் திருப்பி வைத்தாள். அவருடைய காதோடு குனிந்து, தன் மெல்லிய குரலைத் தடிப்பாக்கி, "ஊமைதான் அப்பா" என்றாள்.